நிற்கும் தரப்பு

சனிக் கிரகத்தின் பக்கம் குடியேறியவர்களுக்குச் சூரியன் ஒரு மூக்குத்திக் கல். பார்க்க அழகாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சுடவைக்காது. அதனால்தான் மேலமண்டியும் கீழமண்டியும் மின்சாரத்துக்கு ஒன்றையொன்று நம்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று. நம்பிக்கை என்பது ஒரு பேச்சுக்குத்தான். இரண்டு ஊரிலும் இருப்பவர்கள் விருதுநகர்ப் பக்கத்து வியாபாரிகளின் வம்சம். பொருளைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, பிறகு பாதி விலைக்குக் கேட்பவர்கள். காற்றையே எடை போட்டு வாங்குகிற ஊர்களில் நம்பிக்கைக்குத் தனியாக இடம் ஒதுக்குவது கஷ்டம்.

இரண்டும் மிதக்கும் ஊர்கள். ஆளுக்கு மூவாயிரம் சனம், ஏறக்குறைய ஒரே எடை. சனியைச் சுற்றுகிற இரண்டு பாதைகளும் கொஞ்சம் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டும். ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊரும் ஊரும் உரசாத குறையாகக் கடந்து போகும். அதற்குப் பெயர் கடப்பு. மேலமண்டி தன் விலாவில் பெரிய காந்தங்களை வரிசையாகக் கட்டியிருந்தது. கீழமண்டி செம்புக் கம்பிச் சுருள்களை வேலிபோல நீட்டி வைத்திருந்தது. கடக்கிற அந்தச் சில நொடிகளில் சுருள்களில் மின்சாரம் பாய்ந்து மின்கலப் பெட்டிகள் நிறைந்துவிடும். பாதிப் பெட்டி இந்த ஊருக்கு, பாதி அந்த ஊருக்கு. பெட்டிகளை ஏற்றிப்போகும் படகு என்னுடையது. பெயர் ஐயாத்துரை, தொழில் தரகு. இரண்டு ஊரிலும் என்னை யாரும் நம்புவதில்லை. இரண்டு ஊருக்கும் நான் இல்லாமல் ஆவதுமில்லை.

மேலமண்டிக்குத் தலைவர் பொன்னுப்பாண்டி அண்ணாச்சி. கீழமண்டிக்குத் தலைவி ராஜகனி அக்கா. இருவரும் கூடப் பிறந்த அண்ணன் தங்கை. ஒருவரோடொருவர் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

காரணம் பெரிதில்லை. ராஜகனி அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழை என் படகில் கொடுத்தனுப்பினார். அண்ணாச்சி அதைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார். கூடப்பிறந்தவள் நேரில் வந்து, தாம்பாளத்தில் வைத்துக் கூப்பிட வேண்டாமா என்பது அவர் கேள்வி. அக்காவின் பதில் அதைவிட விவரமானது. ரெண்டு நாளைக்கு ஒருதடவை உன் வாசல் வழியா வந்துட்டுத்தானே போறேன், அது வர்றதில்லையா என்று கேட்டார். அதற்கு அண்ணாச்சி, நீ எங்கே வந்தே, நீ இருந்த இடத்தில் இருக்கிறாய், நான்தான் உன்னைக் கடந்து போகிறேன் என்றார். அப்படியானால் வாசல்வரை வந்தவன் உள்ளே வராமல் போனதுதான் தப்பு என்று அக்கா திருப்பினார். அதோடு பேச்சு நின்றது. அழைப்பிதழைச் சுமந்துபோன பாவம் எனக்கு. அன்றைக்கே அக்காவையும் படகில் ஏற்றியிருந்தால் முடிந்திருக்கும். இடம் இல்லை என்றேன். இரண்டு பெட்டி கூடுதலாக ஏற்றியிருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் மின்சாரம் குறைந்துகொண்டே வருவது கண்ணில் பட்டது. முந்தி ஒரு கடப்புக்கு நூறு பெட்டி நிறையும். பிறகு தொண்ணூறு. பிறகு எழுபதுக்கும் கீழே. மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு முதலில் தோன்றியது எடைக் குறைப்பு. காந்தத்தைச் சீவிவிட்டான் என்று கீழமண்டி சொன்னது. சுருளில் கம்பியைக் குறைத்துவிட்டாள் என்று மேலமண்டி சொன்னது. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் மின் ஆணையத்துக்குப் புகார் எழுதினார்கள். இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான்.

ஆணையம் ஃபர்ஹானா என்கிற அதிகாரியை அனுப்பியது. ஆம்பூர்க்காரக் குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். தனிப் படகு, ஒரு ஃபிளாஸ்க், அதட்டாத குரல். ஒரு வாரம் தங்கி இரண்டு ஊரையும் அளந்தார். காந்தம் முழுப் பலத்தோடு இருந்தது. சுருளில் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. இதைச் சொன்னதும் இரண்டு ஊரிலும் ஒரே பதில் வந்தது. அளவுகோலைச் சரிபார்த்தீர்களா?

அவர் அசரவில்லை. படிவத்தை எடுத்தார். அங்கேதான் சிக்கல். படிவத்தில் நான்காவது கட்டம்: நகரும் தரப்பு. ஐந்தாவது கட்டம்: நிற்கும் தரப்பு. நகர்பவர்தான் மின்சாரத்தை உண்டாக்குபவர்; குறை வந்தால் அவர்தான் பொறுப்பு. நாற்பது வருஷமாக அந்த இரண்டு கட்டமும் காலியாகவே இருந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. ஃபர்ஹானா மேடம் கவனித்தார். கட்டம் நிரம்பும்வரை சுருள்களில் மின்சாரம் எடுக்கக் கூடாது என்று பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார். அடுத்த கடப்பு மறுநாள் காலை பத்தரைக்கு.

இந்த இடத்தில் முட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராஜகனி அக்கா அறுநூறு கோழி முட்டைகளை அடைவைத்திருந்தார். நிஜ முட்டை. பூமியிலிருந்து வந்த கப்பலில் பேரம் பேசி இறக்கியது. இந்தப் பக்கத்தில் முப்பது வருஷமாக யாரும் உயிருள்ள கோழியைப் பார்த்ததில்லை. கீழமண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு முட்டைக்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். இருபத்தோரு நாள் விடாமல் சூடு வேண்டும். அன்று பதினெட்டாம் நாள். இருக்கிற பெட்டிகள் மறுநாள் மத்தியானம்வரை வரும். ஆட்கள் கம்பளிக்குள் புகுந்துகொள்ளலாம். முட்டைக்குள் இருப்பவனுக்குக் கம்பளி கிடையாது.

நானும் மேடமும் முதலில் அக்காவிடம் போனோம். அக்கா அடைக்கூடத்தில் ஒரு முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது.

கட்டத்தில் உங்கள் ஊர் பெயரைப் போடலாமா என்று மேடம் கேட்டார்.

"எதுல? நகர்றதுலயா?" அக்கா முட்டையை மெதுவாகத் தட்டில் வைத்தார். "நாங்க எங்கம்மா நகர்றோம்? சன்னல்ல பாருங்க. நான் இங்கன உக்காந்திருக்கேன். அவன் ஊருதான் விர்ருன்னு வருது, போகுது. காந்தம் வருது, சுருள்ல கரண்டு பிறக்குது. கண்ணால பாக்குறதைத்தானே எழுதணும்?"

சரி என்று மேலமண்டிக்குப் போனோம். அண்ணாச்சி தன் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைக்காரன் உட்கார்ந்திருப்பான், வாங்க வருகிறவன்தான் நடந்து வருவான். எழுந்தால் விலை இறங்கிவிடும் என்பது அவர் கொள்கை. அவரும் சன்னலைக் காட்டினார். காந்தம் சிவனே என்று இங்கே கிடக்கிறது, அவள் கம்பிதான் ஓடிவந்து அதற்குக் குறுக்கே போய்க் கரண்டை அள்ளிக்கொண்டு போகிறது என்றார். மேடம் வாசலுக்குப் போன பிறகு என்னை மட்டும் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"ஏலே ஐயாத்துரை. முட்டையெல்லாம் எப்படியிருக்கு?"

"அசையுது அண்ணாச்சி."

"ம்" என்றார். "நான் கேட்டேன்னு சொல்லிராத."

திரும்பும் வழியில் மேடத்திடம் கேட்டேன். படித்தவர், விஷயம் தெரிந்தவர். ரெண்டுல யாரு சொல்றது சரி?

"ரெண்டும்" என்றார். ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி எனக்கும் ஒரு மூடி கொடுத்தார். "அவங்க இடத்துல நின்னு பார்த்தா காந்தம் வருது. காந்தம் கிட்ட வர வர அதோட காந்தப் புலம் மாறுது, அந்த மாற்றம் கம்பிக்குள்ள இருக்கிற மின்னூட்டத்தைத் தள்ளுது. இவர் இடத்துல நின்னு பார்த்தா புலம் மாறவே இல்ல. கம்பிதான் தனக்குள்ள இருக்கிற மின்னூட்டத்தையும் சுமந்துக்கிட்டு புலத்துக்குள்ள ஓடுது, அதனால தள்ளு விழுது. கதை ரெண்டு. ஆனா மீட்டர் ஒரே கரண்டைத்தான் காட்டும்."

"அப்போ உண்மையில நகர்றது யாரு?"

"உண்மையிலங்கிற வார்த்தைக்கு இங்க வேலையே இல்லைங்க. கீழ தரை இருந்தா தரையைக் கேட்கலாம். இங்க தரை எங்க இருக்கு? ஒருத்தரை வெச்சு இன்னொருத்தர். அவ்வளவுதான்."

படிவத்தை எழுதியவருக்கு இது தெரியாதா என்று கேட்டேன். அவர் பூமியில் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்றார் மேடம். காலுக்குக் கீழே தரை இருக்கிறவர்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

டீயைக் குடித்துக்கொண்டே படிவத்தை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். எங்கள் முப்பாட்டன்கள் மாட்டுத் தரகு பார்த்தவர்கள். மாட்டுச் சந்தையில் விற்கிறவன் வாங்குகிறவனிடம் போகமாட்டான். வாங்குகிறவனும் விற்கிறவனிடம் போகமாட்டான். யார் முதலில் போனாலும் அவனுக்கு அவசரம் என்று ஆகிவிடும். அதனால் இரண்டு பேரும் தரகனிடம் வருவார்கள். தரகன் துண்டை விரிப்பான். துண்டுக்கு அடியில் கையும் கையும் விரலைப் பிடித்தே பேசி முடித்துக்கொள்ளும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் யாரிடமும் வரவில்லை.

இதை மேடத்திடம் சொன்னேன். நிற்கும் தரப்பு வாங்குபவராகவோ விற்பவராகவோதான் இருக்க வேண்டும் என்று படிவத்தில் எங்கே எழுதியிருக்கிறது? இரண்டு பாதைக்கும் நடுப்பாதையில் உங்கள் படகு மிதக்கட்டும். அங்கிருந்து பார்த்தால் அந்த ஊரும் வருகிறது, இந்த ஊரும் வருகிறது.

மேடம் ஒரு காகிதத்தில் இரண்டு கோடு கிழித்துப் பார்த்தார். பிறகு, அளப்பதற்கும் அதுதான் சரியான இடம் என்றார். அவர் குரலில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற சந்தோஷம் இருந்தது. அப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. இரண்டு தரப்பும் நகர்ந்தால், குறைக்கு யார் எத்தனை பங்கு பொறுப்பு என்று பத்துக்குக் கணக்கிட்டு எழுத வேண்டும். இரண்டு தலைவர்களும் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அதுக்குத்தான் துண்டு இருக்குல்ல" என்றேன்.

அக்காவை வரவழைக்கப் பெரிய பாடில்லை. முட்டை என்று ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அண்ணாச்சிதான் தகராறு. தங்கச்சி இடத்துக்கு நான் போவதா என்றார். அவள் இடம் இல்லை அண்ணாச்சி, அரசாங்கப் படகு என்றேன். அவள் முதலில் வரட்டும் என்றார். அங்கே முதலில், இரண்டாவது எல்லாம் கிடையாது. நடுவில் நிற்கிறவருக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் வந்து சேருவீர்கள் என்றேன். அதற்கும் மசியவில்லை. கடைசியாக, அக்காவுக்கு இன்று காலையிலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை, முட்டைக்கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். உண்மையில் என் முன்னால்தான் நான்கு இட்லி சாப்பிட்டார். அண்ணாச்சி எழுந்து சட்டையை மாட்டினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நடுப்பாதையில் மேடத்தின் படகில் நாலு பேர் முழங்காலும் முழங்காலும் முட்ட உட்கார்ந்திருந்தோம். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். அக்கா தன் வளையலைப் பார்த்தார். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்திருப்பதை அக்கா ஓரக்கண்ணால் கவனித்ததை நான் கவனித்தேன். பதினோரு வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் சன்னலில் பறந்துபோகிற ஊரைத்தான்.

துண்டை விரித்தேன். இரண்டு கைகளும் உள்ளே போயின.

துண்டுப் பேரத்தில் தரகன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அக்காவின் புருவம் லேசாக உயர்ந்தது: பத்தில் ஒரு பங்கு என்னுடையது என்று ஒற்றை விரலைக் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சியின் உதடு பிதுங்கியது: போதாது. துண்டு அசைந்தது. இரண்டு விரல். அண்ணாச்சியும் ஏதோ நீட்டினார். அக்கா மூக்கை உறிஞ்சினார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். துண்டு மறுபடி அசைந்து, பிறகு நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். இரண்டு பேரும் கையை வெளியே எடுக்கவில்லை.

"எத்தனை?" என்று மேடம் கேட்டார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அஞ்சு விரலும் பிடிச்சாச்சு. பாதிக்குப் பாதி."

"கை சில்லுன்னு இருக்கு" என்றார் அக்கா, அண்ணாச்சியிடம் இல்லை, துண்டிடம். "மாத்திரை ஒழுங்காப் போடுறதில்ல போல."

"போடுதேன், போடுதேன்."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான். மாத்திரையைப் பற்றி.

மேடம் கட்டங்களை நிரப்பினார். நகரும் தரப்பு: மேலமண்டி, கீழமண்டி, சரிபாதி. நிற்கும் தரப்பு என்ற இடத்தில் ஒரு கணம் தயங்கி, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழமண்டிக்குத் தகவல் போனது. அங்கே முத்திரையை உடைத்தார்கள். மேடம் அளவுக் கருவிகளை இரண்டு பக்கமும் திருப்பி வைத்தார்.

பத்தரைக்குக் கடப்பு. நான் ஆயிரம் கடப்பு பார்த்தவன். எல்லாமே ஏதாவது ஓர் ஊரின் சன்னலிலிருந்து. நடுவிலிருந்து பார்ப்பது வேறு மாதிரி. இடது பக்கம் ஓர் ஊர் பெரிதாகிறது, வலது பக்கம் ஓர் ஊர் பெரிதாகிறது, ஒரே வேகம், ஒரே அவசரம். யாரோ யாரையோ தேடி ஓடிவருகிற மாதிரி. அக்காவும் அண்ணாச்சியும் தங்கள் தங்கள் ஊர் நகர்வதை அன்றுதான் பார்த்தார்கள். அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

இரண்டும் எங்களுக்கு மேலே குறுக்காகக் கடந்தன. காந்த வரிசை சுருள் வேலியைத் தடவிக்கொண்டு போனது. பெட்டிகள் நிறைந்ததாகச் செய்தி வந்தது. முட்டைகளுக்கு இனி பயமில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். மூடிய படகில் ஏது தூசி?

மேடம் மட்டும் கருவியைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்க காந்தத்துல குறை இல்ல. சுருள்லயும் இல்ல. குறையிறது வேகம்."

யாருக்கும் புரியவில்லை.

"கரண்டு சும்மா வராதுங்க. ஒவ்வொரு கடப்புலயும் காந்தம் சுருளைப் பிடிச்சு இழுக்குது, சுருள் காந்தத்தைப் பிடிச்சு இழுக்குது. ரெண்டு ஊரும் கொஞ்சம் கொஞ்சம் வேகத்தைக் குடுத்துத்தான் அந்தக் கரண்டை வாங்குது. நாப்பது வருஷமா நீங்க எரிச்சது உங்களுக்கு நடுவுல இருந்த ஓட்டத்தை." கருவியைத் திருப்பிக் காட்டினார். "இங்கயிருந்து பாத்தா ரெண்டு ஊரும் சரிபாதி வேகம் இழந்திருக்கு. நீங்க துண்டுக்குள்ள பிடிச்ச அதே அஞ்சுக்கு அஞ்சு."

அண்ணாச்சி வியாபாரி. கணக்கின் கடைசி வரிக்கு நேராகப் போனார். "இப்படியே போனா?"

"அறுபது எழுபது வருஷத்துல கடப்பே இருக்காது. ரெண்டு ஊரும் பக்கத்துல பக்கத்துல அசையாம நிக்கும். கரண்டும் வராது."

ஒருவருக்கொருவர் வரமாட்டேன் என்று சாதித்த பதினோரு வருஷமும், அதற்கு முந்தைய இருபத்தொன்பது வருஷமும், இரண்டு பேரும் சேர்ந்தேதான் நெருங்கி வந்திருக்கிறார்கள். விளக்குப் போட்ட ஒவ்வொரு முறையும், அடுப்பு மூட்டிய ஒவ்வொரு முறையும்.

அக்காதான் முதலில் பேசினார். சூரிய ஒளியால் தள்ளப்படுகிற பாய்மரப் பாய்களைக் கட்டினால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏற்றலாமா என்று கேட்டார். மூக்குத்திக் கல்லாக இருந்தாலும் நாள் பூராவும் தள்ளுமே. ஏற்றலாம், பெரிய பாயாக வேண்டும், அறுபது வருஷம் இருக்கிறதே என்றார் மேடம். யார் ஊரில் கட்டுவது என்று அண்ணாச்சி கேட்டார். கேட்டுக்கொண்டே என் மடியில் கிடந்த துண்டை எடுத்துத் தங்கை பக்கம் நீட்டினார்.

அவர்கள் பேரம் பேசட்டும் என்று மேடம் படிவத்தை மடித்து வைக்கப் போனவர், பின்பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கே பொடி எழுத்தில் ஒரு வரி: உரிமம் செல்லுபடியாக, நிற்கும் தரப்பு ஒவ்வொரு கடப்பின்போதும் தன் இடத்தில் இருத்தல் வேண்டும்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாங்க எந்தப் பத்திரத்தையும் பின்பக்கத்துல இருந்துதான் படிப்போம் மேடம்" என்றேன். நடுப்பாதையில் ஒரு டீக்கடை போடலாம் என்று எனக்கு நேற்றே தோன்றியிருந்தது. இரண்டு ஊரும் இரண்டு நாளைக்கு ஒருமுறை தானாக வந்து போகிற இடம். இதைவிட நல்ல முச்சந்தி சனிக் கிரகத்தின் பக்கத்தில் எங்கே கிடைக்கும்?

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். டீத்தூள் நல்லதாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் ஐந்நூற்று எழுபத்திரண்டு குஞ்சுகள் பொரித்தன. கீழமண்டி முழுக்கக் கீச்கீச். அன்றைக்கு என் படகில் அண்ணாச்சி ஏறினார், மடியில் ஒரு தாம்பாளத்தோடு. அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"நான் ஒண்ணும் வரலை" என்றார் அண்ணாச்சி. "நான் படகுல சும்மா உக்காந்திருந்தேன். உன் ஊருதான் வந்து படகுல முட்டிச்சு."

"அப்படியே இருக்கட்டும்" என்றார் அக்கா. "முட்டினது முட்டிருச்சு. இலை போட்டாச்சு, உள்ள வா."

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஆணையத்திலிருந்து மேடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. வேலை முடிந்தும் இன்னும் ஏன் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை என்று கேட்டிருந்தார்கள். மேடம் என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காலடியில் மேய்ந்த ஒரு கோழியை ஒதுக்கிவிட்டு, பதில் எழுதினார். எனக்கும் படித்துக் காட்டினார். படிவத்தின்படி தான் எட்டு மாதமாக இருந்த இடத்திலேயே நிற்பதாகவும், விலகிப் போய்க்கொண்டிருப்பது அலுவலகம்தான் என்றும், திரும்பி வரவேண்டியது யார் என்பதைத் தயவுசெய்து முடிவு செய்துகொள்ளும்படியும் எழுதியிருந்தார்.